பாய்மரப் படகின் பழைய எஞ்சின்: பிரித்துக் கட்டுவதா, மாற்றுவதா?

தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் மேற்குக் கடற்கரையில் பாய்மரப் படகுகள் கரையேற்றப்படுகின்றன. மும்பைத் துறைமுகத்தில் அக்டோபர் முதல் மே வரை மிதந்து நின்ற உல்லாசப் படகுகளும் பந்தயப் படகுகளும் கரையிலே முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டுத் தார்ப்பாய் போர்த்தப்பெறுகின்றன. பாய்கள் மடித்து வைக்கப்படும். அடிப்பாகத்திற் படிந்த சிப்பியும் பாசியும் சுரண்டப்படும். இந்த ஓய்வுக் காலத்தில்தான் படகின் சொந்தக்காரர் ஒரு வினாவை எதிர்நோக்க நேர்கிறது. இருபது முப்பது ஆண்டுகளாகப் படகினடியிற் கிடந்து உழைத்த துணை எஞ்சின் சென்ற பருவத்தில் புகை கக்கியது. காலை வேளையில் எளிதிற் கிளம்ப மறுத்தது. அதனைப் பிரித்துப் புதுப்பித்துக் கட்டுவதா, அன்றி அகற்றிவிட்டுப் புதியதொன்றை அமர்த்துவதா?

இதற்கு இருவகை விடைகள் எளிதிற் கிடைக்கும். எஞ்சின் விற்பவர் மாற்றிவிடச் சொல்வார். பட்டறைக்காரர் பிரித்துக் கட்டச் சொல்வார். இரண்டு கூற்றுகளும் நேர்மையானவையாகவே இருக்கலாம். ஆயினும், எஞ்சினின் நிலையை அளந்தறியாமல் கூறப்படும் எந்த விடையும் ஊகமேயாகும். அளந்தறிய வேண்டியவை எவை, அவற்றினின்று முடிவுக்கு வருவது எவ்வாறு என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

துணை எஞ்சினின் பணி

காற்றினாற் செல்லும் படகுக்கு எஞ்சின் எதற்கு என்று வினவலாம். இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, கோவாவில் கட்டப்பட்ட 'மாதேயி' என்னும் சுமார் 17 மீட்டர் நீளமுள்ள படகில், 2012 நவம்பர் 1-ஆம் நாள் மும்பையிலிருந்து தனியொருவராகப் புறப்பட்டார். எத்துறையிலும் கரை சேராமல், பாய்களைக் கொண்டே உலகை வலம் வந்து 2013 மார்ச் 31-ஆம் நாள் மீண்டும் மும்பையை அடைந்தார். ஆகவே எஞ்சினின் உதவியின்றிப் பெருங்கடலைக் கடக்க முடியும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இடர்ப்பாடு பெருங்கடலில் இல்லை. துறைமுக வாயிலில் உள்ளது. மும்பையில் கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட உயரம் சில நாட்களில் 4 மீட்டரையும் கடக்கிறது. அத்தனை நீரும் ஆறு மணி நேரத்துக்குள் உட்புகுந்து, அடுத்த ஆறு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும். அந்நீரோட்டத்தின் நடுவே மாலையிற் காற்று விழுந்துவிடுமாயின், பாய்மரப் படகு தன் விருப்பப்படி செல்லும் ஆற்றலை இழந்து, பெருங்கப்பல்கள் செல்லும் தடத்தை நோக்கி மிதந்து செல்லும் வெறும் மரக்கட்டையாகிவிடும். சரக்குக் கப்பலொன்று நினைத்த மாத்திரத்தில் நிற்கவோ திரும்பவோ இயலாது. அந்தச் சில நிமிடங்களில் 20 குதிரை சக்தியுள்ள ஒரு சிறிய டீசல் எஞ்சின் கிளம்புகிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே படகிலுள்ளோரின் உயிர் அமைகிறது. எனவே துணை எஞ்சினின் தலையாய குணம் வேகமன்று, சிக்கனமுமன்று. அழைத்தபோது எழுந்து வருதலேயாகும். மாற்றுவதா கட்டுவதா என்னும் ஆராய்ச்சி முழுவதிலும் இவ்வொன்றை மறவாதிருத்தல் வேண்டும்.

எஞ்சின் மூப்படையும் விதம்

கடலிலுள்ள எல்லா எஞ்சின்களும் ஒரே வகையில் மூப்படைவதில்லை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை நீங்கலாக, ஆண்டு முழுதும் கடலுக்குச் செல்லும் விசைப்படகொன்றை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சின் ஆண்டுக்கு 2,000 மணி நேரம் ஓடுவதாகக் கொள்ளலாம். பாய்மரப் படகின் துணை எஞ்சினோ, துறையினின்று வெளியேறவும் துறைக்குத் திரும்பவும் மட்டுமே இயங்குவதால், ஆண்டுக்கு 100 மணி நேரம் ஓடினாற் பெரிது. இருபதாண்டு முதிய துணை எஞ்சினின் உழைப்பு, மீன்பிடி எஞ்சினின் ஓராண்டு உழைப்புக்கே சமம் என்று ஆகிறது. அப்படியாயின் அது இளமை குன்றாமல் இருக்க வேண்டுமல்லவா? நடைமுறையில் அவ்வாறில்லை. மீன்பிடிப் படகின் எஞ்சின் உழைத்துத் தேய்கிறது. பாய்மரப் படகின் எஞ்சின் ஓய்ந்திருந்தே கெடுகிறது.

இதற்குக் காரணங்கள் பல. டீசல் எரியும்போது நீராவி உண்டாகிறது. எஞ்சின் போதிய அளவு சூடாகுமுன் நிறுத்தப்படுமாயின், அந்நீராவி சிலிண்டர்ச் சுவரிலும் மசகெண்ணெயிலும் குளிர்ந்து படிகிறது. எரிபொருளிலுள்ள கந்தகம் அந்நீருடன் கூடி அமிலமாகிறது. (நாடெங்கும் 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேற்படலாகாது என்பதால் இத்தீமை இப்போது வெகுவாகக் குறைந்துள்ளது, பழைய எஞ்சின்கள் அதற்கு முன்பே பட்ட காயம் வேறு.) வால்வு திறந்த நிலையில் நின்றுவிட்ட சிலிண்டருக்குள், உப்பும் ஈரமும் நிறைந்த மழைக்காலக் காற்று மூன்று நான்கு மாதங்கள் தங்குகிறது. பிஸ்டன் வளையங்கள் தாம் நின்ற இடத்திலேயே துருவினால் ஒட்டிக்கொள்கின்றன.

இன்னொரு தீமை சொந்தக்காரரின் நல்லெண்ணத்தினால் விளைவது. மின்கலங்களுக்கு மின்னூட்டுவதற்காக, நங்கூரமிட்ட படகில் எஞ்சினைப் பளுவின்றி மணிக்கணக்கில் மெதுவாக ஓடவிடுவது பலரது வழக்கம். இது எஞ்சினுக்குச் சுகமென எண்ணுவது தவறு. சிலிண்டரின் உட்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்கள் இடப்பட்டுள்ளன. எண்ணெயைப் பிடித்து நிறுத்துபவை அவையே. பளுவின்றி ஓடும் எஞ்சினில் வாயுவின் அழுத்தம் போதாமையால் வளையங்கள் சுவரோடு அழுந்துவதில்லை. அரைகுறையாக எரிந்த எரிபொருளும் எண்ணெயும் அக்கீறல்களில் அரக்குபோற் படிந்து, சுவர் கண்ணாடியைப் போல் மழமழப்பாகிவிடுகிறது. அதன்பின் எண்ணெய் மேலேறி எரியும்; அழுத்தம் கீழே கசியும். 1,500 மணி நேரமே ஓடிய எஞ்சினொன்று 15,000 மணி நேரம் ஓடியதுபோற் புகைவதன் இரகசியம் பெரும்பாலும் இதுவே.

முதலில் நோயறிதல்

எஞ்சினைக் குறை கூறுமுன், குறை எஞ்சினுடையதுதானா என்று தெளிதல் வேண்டும். சிறு பழுதொன்றைப் பெருநோயெனக் கருதி நல்ல எஞ்சினைக் கழித்துவிட்டவர் பலர். வேகங் குறைந்து கரும்புகை வருகிறதெனில், எரிபொருளை முழுதும் எரிப்பதற்குக் காற்றுப் போதவில்லை, அல்லது பளு மிகுந்துவிட்டது என்பது பொருள். காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம். புரொப்பெல்லரில் சிப்பி படிந்திருக்கலாம். யாவற்றினும் மிகுதியாக ஏமாற்றுவது, வெளியேறும் புகையில் குளிர்ந்த கடல்நீரைக் கலக்கும் இரும்பு முழங்கைக் குழாய். அதனுள்ளே கரியும் துருவும் உப்பும் சேர்ந்து வழி ஒரு விரலளவாகக் குறுகிவிடுவதுண்டு. கழற்றிப் பார்ப்பதற்கு அரை நாள் போதும். அரை நாள் வேலைக்குச் சோம்பிப் புது எஞ்சின் வாங்கியவர்களும் உண்டு.

நீலப்புகை மசகெண்ணெய் எரிவதைக் காட்டும். வெண்புகை இருவகைப்படும். எரியாத டீசல் ஆவியாக வெளிவருமாயின் அதன் நெடி மூக்கை உறுத்தும். நீரின்மேல் பளபளக்கும் எண்ணெய்ப் படலமும் தோன்றும். இது போதிய அழுத்தமின்மையையோ, இஞ்செக்டரின் கோளாற்றையோ உணர்த்தும். நெடியற்ற வெண்மையாயின் அது நீராவி. குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் கசிகிறதா என்று உடனே ஆராய வேண்டும்.

அடுத்தது அழுத்தச் சோதனை. டீசல் எஞ்சினில் தீப்பொறி எழுப்பும் பிளக் இல்லை. காற்றைப் பதினாறில் ஒரு பங்கு முதல் இருபதில் ஒரு பங்குக்கு மேலும் சுருக்குவதனால் எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. எனவே காற்று கசிந்தால் வெப்பமில்லை, வெப்பமில்லையேல் தீயில்லை. இஞ்செக்டரைக் கழற்றிய துளையில் அழுத்தமானியைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்றினால், நல்ல நிலையிலுள்ள சிறு டீசல் எஞ்சின்களில் பொதுவாகச் சதுர சென்டிமீட்டருக்கு 25 முதல் 35 கிலோகிராம் வரை அழுத்தம் காணப்படும். சரியான அளவை அவ்வெஞ்சினின் கையேடு கூறும். தனி அளவைக் காட்டிலும் சிலிண்டர்களுக்கிடையேயுள்ள வேறுபாடு முக்கியமானது. எல்லாச் சிலிண்டர்களிலும் ஒன்றுபோல் சிறிது குறைந்திருந்தால் அது பொதுவான தேய்மானம். ஒன்றில் மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் அது குறிப்பிட்டதோர் ஊனம்.

ஊனம் எங்கே என்பதை அறிய, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்திச் செவிமடுத்தல் எளிய வழியாகும். காற்று புகும் வழியில் சீறல் கேட்டால் உள்வால்வு. புகைபோக்கியில் கேட்டால் வெளிவால்வு. எண்ணெய் ஊற்றும் வாயிற் கேட்டால் வளையங்கள். குளிர்நீர்த் தொட்டியிற் குமிழிகள் எழுந்தால் தலைப்பகுதியின் கேஸ்கட்டோ விரிசலோ காரணம். வால்வுகள் மட்டுமே பழுதாயின், தலைப்பகுதியைக் கழற்றிச் சாணைபிடித்து மீண்டும் பொருத்துவதோடு வேலை முடிந்துவிடும். கட்டுவதா மாற்றுவதா என்ற வினாவே எழாது.

மசகெண்ணெயையும் நோக்குதல் வேண்டும். பால் கலந்த தேநீரின் நிறமாயின் அதில் நீர் கலந்துள்ளது. ஆய்வுக்கூடத்துக்கு ஒரு சிறு புட்டி எண்ணெயை அனுப்பினால், கரைந்துள்ள உலோகங்களின் அளவு தெரியவரும். மிகுதியான இரும்பு சிலிண்டர்ச் சுவரின் தேய்மானத்தையும், ஈயமும் வெள்ளீயமும் செம்பும் பேரிங்குகளின் தேய்மானத்தையும், சோடியம் கடல்நீர் உட்புகுந்ததையும் காட்டிக்கொடுக்கும். ஒரே ஒரு சோதனையைக் கொண்டு தீர்ப்புரைப்பதினும், ஆண்டுதோறும் செய்து ஏற்ற இறக்கத்தைக் காண்பது நலம்.

கிளம்ப மறுக்கும் எஞ்சினைப்பற்றி ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான பாய்மரப் படகுகளில் எஞ்சின் நீர்மட்டத்துக்குக் கீழே அமைந்துள்ளது. எஞ்சின் சுழலுந்தோறும் கடல்நீர்ப் பம்பும் சுழன்று, புகைக்குழாயிலுள்ள சைலன்சர்த் தொட்டிக்கு நீரை அனுப்புகிறது. எஞ்சின் ஓடினால்தான் புகையின் வேகம் அந்நீரை வெளியே தள்ளும். கிளம்பாத எஞ்சினைத் திரும்பத் திரும்பச் சுழற்றினால் தொட்டி நிறைந்து, கடல்நீர் பின்னோக்கி வெளிவால்வு வழியே சிலிண்டருக்குள் இறங்கும். நீர் சுருங்காத பொருளாதலால், அடுத்த சுழற்சியில் இணைப்புத் தண்டு வளையும். வளையாது தப்பினாலும் ஓரிரவுக்குள் உட்சுவரில் துரு பிடித்துவிடும். ஆதலால் நெடுநேரம் சுழற்ற நேரும்போது கடல்நீர் வால்வை மூடிவிட்டுச் சுழற்றி, எஞ்சின் கிளம்பிய கணமே திறந்துவிடுதல் வேண்டும். சில நூறு ரூபாய்ப் பழுதொன்று முழு எஞ்சினையும் பலிகொள்ளும் வழிகளுள் இதுவே மிகச் சாதாரணமானது.

குளிர்விக்கும் நீர்

இனி, முடிவை வேறெதனினும் மிகுதியாக நிர்ணயிக்கும் ஒரு விஷயத்துக்கு வருவோம். எஞ்சின்கள் குளிர்விக்கப்படும் முறை இருவகைப்படும். ஒன்றில் கடல்நீர் நேரே எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலுக்குள் ஓடுகிறது. மற்றதில் உடலுக்குள் நன்னீரே சுழல்கிறது. அந்நன்னீரின் வெப்பத்தை வெப்ப மாற்றியொன்றின் வாயிலாகக் கடல்நீர் வாங்கிச் செல்கிறது.

முதல் முறையில் பொறியும் விலையும் குறைவு. ஆனால் அதில் இரு குறைகள் உள்ளன. கடல்நீரிற் கரைந்துள்ள சுண்ணாம்பு உப்புகள், பெரும்பாலான உப்புகளுக்கு மாறாக, வெப்பம் ஏற ஏறக் கரைதிறன் குறைந்து படிவனவாகும். ஏறத்தாழ 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் இப்படிவு விரைவாகிறது. ஆகவே இத்தகைய எஞ்சின்கள் அவ்வெப்பநிலைக்குக் கீழேயே ஓடுமாறு தெர்மோஸ்டாட் அமைக்கப்பட்டுள்ளது. நன்னீரால் குளிர்விக்கப்படும் எஞ்சின்கள் 80 டிகிரிக்கு மேல் ஓடுவன. சூடு குறைந்தால் முன்னர் கூறிய ஈரமும் அமிலமும் மிகும் என்பது சொல்லாமலே விளங்கும். இரண்டாவது குறை இன்னும் கொடியது. கடல்நீர் வார்ப்பிரும்பை உள்ளிருந்தே அரிக்கிறது. இரும்பு கரைந்து, வார்ப்பிலிருந்த கரிப்பொருள் மட்டும் எஞ்ச, வெளித்தோற்றத்தில் முழுமையாயும் உள்ளே கத்திமுனையாற் சுரண்டக்கூடிய மென்மையாயும் உலோகம் மாறிவிடுகிறது. துத்தநாகத் துண்டுகளைப் பொருத்தி ஆண்டுதோறும் மாற்றிவந்தால் அரிப்பு மட்டுப்படும், தடுத்துவிட முடியாது.

பிஸ்டனைப் புதிதாக இடலாம், வளையத்தை மாற்றலாம், கிராங்குத் தண்டைக் கடைந்து சீராக்கலாம். அரிக்கப்பட்ட உடலை யாராலும் புதுப்பிக்க இயலாது. எனவே, கடல்நீர் நேரே ஓடி இருபதாண்டுகளுக்கு மேற்பட்ட எஞ்சினைப் பிரித்துக் கட்டுவதற்கு முன், தலைப்பகுதியை மட்டும் கழற்றி, நீர்வழிகளின் விளிம்புகளைக் கூரிய கருவியாற் சுரண்டிப் பார்த்தல் வேண்டும். இரும்பு கரியைப்போல் உதிருமாயின் ஆராய்ச்சியை அங்கேயே நிறுத்திவிட்டுப் புதிய எஞ்சினுக்குப் பணம் திரட்டத் தொடங்குவதே அறிவுடைமை. நன்னீரால் குளிர்விக்கப்பட்டதாயின் உடல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அரிப்பு வெப்ப மாற்றியோடு நின்றிருக்கும். அது மாற்றத்தக்க உறுப்பு.

பிரித்துக் கட்டுதல்

இத்தொடர் பட்டறைகளிற் பலபொருள்படப் பயன்படுகிறது. வளையங்களையும் கேஸ்கட்டுகளையும் மட்டும் மாற்றிப் பச்சைப் பெயின்ட் பூசித் தருவதும் சிலரிடத்தில் 'முழு வேலை' எனப்படும். முறையான வேலையில் எஞ்சின் படகினின்று வெளியே எடுக்கப்பட்டு, கடைசித் திருகு வரை கழற்றப்படும். சிலிண்டரின் உட்குறுக்களவு மேலும் கீழும், நெடுக்கிலும் குறுக்கிலும் அளக்கப்படும். வட்டம் நீள்வட்டமாகியிருப்பதும் மேற்பகுதி விரிந்திருப்பதும் அதனால் தெரியும். தேய்மானம் வரம்பு கடந்திருப்பின் சிலிண்டரைக் கடைந்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் இடப்படும். மாற்றத்தக்க உள்ளுறை உடைய எஞ்சினாயின் உள்ளுறையே மாற்றப்படும். கிராங்குத் தண்டு அதேபோல் 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் குறைத்துக் கடையப்பட்டு, அதற்கேற்ற தடித்த பேரிங்குகள் பொருத்தப்படும். தலைப்பகுதி நீரழுத்தத்தால் சோதிக்கப்பட்டு, விரிசலுண்டா என்று சாயம் தடவிப் பார்க்கப்படும். எரிபொருள் பம்பும் இஞ்செக்டர்களும் அவற்றுக்கென உள்ள தனிப் பட்டறைக்குச் சென்று அளவு சரிபார்க்கப்பட்டுத் திரும்பும். பழைய ரப்பர் அடைப்புகள் யாவும் மாற்றப்படும். கந்தகம் நீக்கிய இக்கால டீசலில் முற்காலத்து ரப்பர் சிலபோது சுருங்கிக் கசிவதுண்டு.

இவ்வேலை சாத்தியமா என்பது உதிரிப் பாகங்களைப் பொறுத்தது. கடலுக்கென்றே தனியாக வடிவமைக்கப்பட்ட எஞ்சின்கள் சில. டிராக்டருக்கோ மின்னாக்கிக்கோ செய்யப்பட்ட எஞ்சினைக் கடற்பணிக்கு ஏற்றதாக மாற்றியமைத்தவை பல. பிற்கூறிய வகையின் பிஸ்டன், வளையம், பேரிங் முதலிய உட்பாகங்கள் வேளாண் எந்திரக் கடைகளிலும் கிடைத்தல் கூடும். உலகெங்கும் பாய்மரப் படகுகளிற் பரவியிருந்த பெர்கின்ஸ் 4-108 வகை எஞ்சின், உற்பத்தி நின்று பல்லாண்டுகளான பின்னும் உதிரிப் பாகங்கள் கிடைப்பதால் இன்றும் ஓடிக்கொண்டிருப்பது இதற்குச் சான்று. ஆனால் வெப்ப மாற்றி, கடல்நீர்ப் பம்பு, நீருறையிட்ட புகைக்குழாய், முழங்கை ஆகிய கடல்சார்ந்த உறுப்புகள் எவ்வகை எஞ்சினுக்கும் விலைமிக்கவை, தருவிக்கவும் நாளாகும். ஆகவே எஞ்சினைப் பிரிக்குமுன் உதிரிப் பாகங்களின் பட்டியலைத் தயாரித்து, ஒவ்வொன்றும் கிடைக்கும் என்ற உறுதியைப் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும். பிரித்த எஞ்சின் ஒரு கேஸ்கட்டுக்காக இரண்டு பருவங்கள் பட்டறை மூலையிற் கிடப்பது நேரத்தான் செய்கிறது.

புதிய எஞ்சின்

புதியதை வாங்குவோர் பலர் இன்னும் பெரியதை வாங்க விரும்புகின்றனர். இது பெரும்பாலும் வீண். நீரைப் பிளந்து செல்லும் படகின் வேகத்துக்கு அதன் நீர்மட்ட நீளமே எல்லை வகுக்கிறது. அந்நீளத்தை அடிகளிற் கூறி, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆற் பெருக்கினால், மணிக்கு இத்தனை கடல் மைல் என அவ்வெல்லை கிடைக்கும். நீர்மட்டத்தில் 8 மீட்டர், அதாவது சுமார் 26 அடி, நீளமுள்ள படகுக்கு அது 6.8 கடல் மைல். அவ்வெல்லையை நெருங்குந்தோறும், படகு தானே எழுப்பிய அலையின் மேட்டில் ஏற முயல்வதுபோல் ஆகிவிடும். எல்லைக்குக் கீழேயும் தேவையான திறன் வேகத்தின் கனத்தையொட்டி உயர்கிறது: 5 கடல் மைலை 6 ஆக்குவதற்கு ஏறத்தாழ முக்கால் பங்கு கூடுதல் திறன் வேண்டும். 5 டன் எடையுள்ள அத்தகைய படகுக்கு 20 குதிரை சக்தி தாராளமாகப் போதும். 40 குதிரை சக்தியைப் பொருத்தினால் வேகம் கூடுவதில்லை. எஞ்சின்தான் என்றென்றும் பளுவின்றி ஓடி, மேலே கூறிய கண்ணாடி நோய்க்கு இரையாகும்.

அடுத்து, புதிய எஞ்சின் பழையதன் இருக்கையில் அப்படியே அமர்வதில்லை. 20 குதிரை சக்தி தரும் இக்கால எஞ்சின் 130 கிலோகிராம் எடைக்குள் அடங்குவதுண்டு. பழையது அதைப்போல் ஒன்றரை, இரண்டு மடங்கு கனத்திருக்கலாம். தாங்கும் கட்டைகளின் அகலமும் உயரமும் வேறுபடும். பழையது நிமிடத்துக்கு 1,500 அல்லது 2,000 சுழற்சியில் தன் முழுத் திறனையும் தந்திருக்க, புதியது 3,000-க்கு மேல் சுழலும். எனவே கியர்ப் பெட்டியின் விகிதமும், அதையொட்டிப் புரொப்பெல்லரின் குறுக்களவும் மரைச்சாய்வும் மாறும். சுழலும் திசை மாறுபடுமாயின் புரொப்பெல்லரையே மாற்றியாக வேண்டும். அதன் விளைவு பணத்தோடு நிற்பதில்லை. பின்புறமிருந்து நோக்க வலஞ்சுழியாகச் சுழலும் புரொப்பெல்லர், படகு பின்னோக்கிச் செல்லும்போது பின்பகுதியை இடப்புறம் இழுக்கும்; இடஞ்சுழி அதற்கு மாறானது. இருபதாண்டுகளாகத் துறையில் படகை ஒதுக்கிப் பழகிய கை, அந்நாள் முதல் எல்லாவற்றையும் தலைகீழாகக் கற்க வேண்டியிருக்கும்.

இவற்றோடு புகைக்குழாயின் விட்டம், எரிபொருள் திரும்பிச் செல்லும் குழாய், மின்கம்பிகள், கட்டுப்பாட்டுப் பலகை, ஒலியடக்கும் உறை ஆகியவையும் சேரும். எஞ்சினின் விலையை 100 பங்காகக் கொண்டால், அமர்த்தும் செலவு மேலும் 40 பங்கு ஆகலாம் என்று எண்ணிக்கொள்வது மிகையன்று.

செலவுக் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். புதிய எஞ்சினும் அமர்த்தும் செலவுமாக 140 பங்கு. அது 20 ஆண்டுகள் உழைக்கும் எனின் ஆண்டுக்கு 7 பங்கு ஆகிறது. பழையதைப் பிரித்துக் கட்ட 50 பங்கு செலவாகி, அது 10 ஆண்டுகள் உழைக்குமாயின் ஆண்டுக்கு 5 பங்கு மட்டுமே; கட்டுவதே இலாபம். 5 ஆண்டுகளில் ஓய்ந்துவிடுமாயின் ஆண்டுக்கு 10 பங்கு, மாற்றுவதே இலாபம். இரண்டும் சமமாகும் இடம் ஏழாண்டுகளுக்குச் சற்று மேல். ஆகவே, "எது மலிவு?" என்ற வினா, "கட்டிய எஞ்சின் ஏழாண்டு உழைக்குமா?" என்ற வினாவாக மாறிவிடுகிறது. அதற்கு விடை கூறுபவை முன்னர்ச் செய்த அளவைகளே. உடல் அரிக்கப்படாத, நன்னீரால் குளிர்ந்த, உதிரிப் பாகங்கள் கிடைக்கும் எஞ்சின் ஏழாண்டைக் கடந்துவிடும். கிராங்குத் தண்டு முன்பே ஒருமுறை கடையப்பட்டு, தலைப்பகுதியில் விரிசலும் காணப்பட்டால் செலவு 70 பங்காக உயரும். அப்போது அது பத்தாண்டு உழைத்தாலும் ஆண்டுக்கு 7 பங்கே ஆகிறது. அந்நிலையில் பழையதில் பணத்தைப் போடுவதற்கு நியாயமில்லை.

எரிபொருட் சிக்கனம் என்னும் வாதத்தையும் எடைபோட்டுப் பார்க்கலாம். டீசல் எஞ்சின் ஒரு குதிரை சக்திக்கு மணிக்கு ஏறத்தாழ 0.22 லிட்டர் செலவிடுகிறது. சராசரி 10 குதிரை சக்தியில் ஆண்டுக்கு 100 மணி நேரம் ஓடும் துணை எஞ்சினுக்கு 220 லிட்டர் போதும். புதியது அதில் பத்தில் ஒரு பங்கை மிச்சப்படுத்தினாலும் மிச்சம் 22 லிட்டரே. 60 குதிரை சக்தியில் 2,000 மணி நேரம் ஓடும் மீன்பிடி எஞ்சினில் அதே விகிதத்தில் மிச்சம் 2,640 லிட்டர். மீன்பிடிப் படகுக்கு இது எஞ்சினை மாற்றுவதற்குரிய வலுவான காரணம். பாய்மரப் படகுக்கு இது ஒரு காரணமே அன்று.

மூன்றாவதொரு வழியும் உண்டு. எடுத்துரைக்க ஆளில்லாமையால் அது மறக்கப்படுகிறது. இஞ்செக்டர்களைச் சரிபார்த்து, முழங்கைக் குழாயை மாற்றி, வால்வு இடைவெளியைச் சீராக்கி, பழைய எஞ்சினையே மேலும் சில பருவங்கள் ஓட்டுவது. அழுத்தம் சிலிண்டர்களில் ஒத்திருந்து, எண்ணெயில் உப்பு இல்லாதபோது இவ்வழியே சாலச் சிறந்தது. இரண்டொரு ஆண்டில் படகை விற்க எண்ணுபவருக்கும் இதுவே ஏற்றது. புதிய எஞ்சினுக்குச் செலவிட்ட பணம் முழுவதும் படகின் விலையில் திரும்பி வருவதில்லை. இதற்கு ஒரே விலக்கு பெட்ரோல் எஞ்சின். பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானதாகையால் படகின் அடிப்பள்ளத்தில் தேங்கி, ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும். பழைய எஞ்சின் அத்தகையதாயின் கணக்குப் பார்க்காமல் டீசலுக்கு மாற்றிவிடுதல் நன்று.

மின்மோட்டார் பற்றியும் இப்போது வினவப்படுகிறது. 20 லிட்டர் டீசல், 17 கிலோகிராம் எடையில், தண்டுக்குச் சுமார் 60 கிலோவாட்-மணி ஆற்றலைத் தருகிறது. அவ்வளவு ஆற்றலை லித்தியம் மின்கலத்தில் சேமிக்க ஏறத்தாழ 400 கிலோகிராம் வேண்டும். துறையைவிட்டு அரைமணி நேரத்தில் பாய் விரித்துவிடும் சிறு படகுக்கு அது பொருந்தும். காற்றற்ற நாளில் முப்பது நாற்பது கடல் மைல் திரும்பிவர வேண்டிய படகுக்கு இன்னும் பொருந்தாது.

அமர்த்திய பின்

கட்டிய எஞ்சினாயினும் புதிய எஞ்சினாயினும், அதனைப் புரொப்பெல்லர்த் தண்டோடு நேர்படுத்தும் வேலை கரையில் முடிந்துவிடுவதில்லை. முட்டுக்கட்டைகளின்மேல் நிற்கும் படகின் உருவம் ஒன்று. நீரில் மிதக்கும்போது அது சற்றே நெளிந்து பெறும் உருவம் வேறொன்று. மரப்படகுகளில் இவ்வேறுபாடு மிகுதி. ஆகவே படகு நீரிலிறங்கிய பின் ஓரிரு நாட்கள் விட்டு, பாய்மரத்தின் கம்பிகளை முறுக்கி, நீர், எரிபொருள் தொட்டிகளை நிரப்பி, அதன்பின் இணைப்புத் தட்டுகளின் இடைவெளியை மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடங்களில் அளந்து பார்த்தல் வேண்டும். 10 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தட்டுக்கு வேறுபாடு 0.1 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. முதல் 50 மணி நேரத்துக்குப் பின் மசகெண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றி, தலைப்பகுதித் திருகுகளைக் கையேட்டின்படி சரிபார்த்துக்கொள்க. அந்த 50 மணி நேரமும் எஞ்சின் பளுவோடு ஓட வேண்டும். நங்கூரத்தில் நின்றபடி மின்னூட்டுவதற்கு வேறு வழி தேடிக்கொள்ளலாம், தட்டின்மேல் ஒரு சூரிய ஒளித் தகடு அதற்குப் போதும்.